முதல்வருக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை

நான் இதுவரை வேண்டாமென்று தட்டிக்கழித்த வரன்கள் பதினாறு. அவர்களில் பதினோரு பேர் என்னைப் பெண் கேட்கவே இல்லை.

மயிலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்த புதிது. அதற்குமுன் புதுச்சேரியில் ஒரு சின்ன நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரோடு மூன்று வருடம் மாரடித்திருந்தேன். அங்கே கற்றதுதான் சீவ். வருகிற மின்னஞ்சலைச் சலிப்பதற்கென்றே உள்ள மொழி. பெயருக்கே சல்லடை என்றுதான் அர்த்தம். இன்ன தலைப்பில் வந்தால் இந்தப் பெட்டியில் போடு, இன்னார் அனுப்பினால் தூக்கியெறி என்று நாலு வரி எழுதிவைத்தால் போதும். பொதுத் தரத்தில் அமைந்த மொழி என்பதால், ஓரிடத்தில் எழுதியதை அந்தத் தரத்தை ஏற்ற எந்த சர்வரிலும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஓட்டலாம். (ஓர் எழுத்தாவது மாற்றியிருக்கலாம். விதி.)

விக்கிரவாண்டியிலிருந்த என் தாய்மாமா அப்போது ‘பயோடேட்டா’ என்று தலைப்பிட்டு, என் புதுச்சேரி அலுவலக முகவரிக்கு மாப்பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு சீவில் ஒரு விதி எழுதினேன். தலைப்பில் பயோடேட்டா என்று இருந்தால் வாங்காதே. இந்தப் பதிலோடு அனுப்பியவருக்கே திருப்பிவிடு:

“எனக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லை. பத்துப் பொருத்தமும் இருந்தாலும் இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பி உயிரை எடுக்காதீர்கள்.”

ஐந்தாவது மாப்பிள்ளையோடு மாமா ஓய்ந்தார். நானும் விதியை மறந்தேன்.

கல்லூரியில் சேர்ந்த வாரமே முதல்வர் கூப்பிட்டார். “தெனம் எவனோ எனக்குப் பரிசு விழுந்திருக்குன்னு எழுதிக்கினே இருக்கான். ஜல்தியா எதனா பண்ணும்மா.”

“அரை மணி நேரத்துல முடிச்சிடறேன் சார்” என்றேன்.

முடித்தேன். குப்பை அஞ்சல்களைப் பிடிக்க நான் எழுதிய விதிகளும் அதே பழைய கோப்பில்தான் இருந்தன. அதை அப்படியே கல்லூரி முழுமைக்கும் பொருத்திவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். இந்தக் கல்லூரிக்கு நான் கொஞ்சம் அதிகம்தான் என்று தேநீர் குடிக்கும்போது தோன்றியது.

அடுத்த மாதம் கணிதப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வந்தது. பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருவதற்குள் அந்த இடத்தை நிரப்பாவிட்டால் கணிதப் பிரிவையே மூடச் சொல்லிவிடுவார்கள். விண்ணப்பங்கள் முதல்வரின் முகவரிக்கு, ‘பயோடேட்டா’ என்ற தலைப்பில் வரவேண்டும். (விளம்பரத்தைத் தட்டச்சு செய்தவளும் நானே.)

இரண்டு வாரம் ஒன்றுமே வரவில்லை.

“இந்தப் பக்கம் வர யாருக்கும் இஷ்டமில்ல போலம்மா” என்றார் முதல்வர், உண்மையான வருத்தத்தோடு.

“இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கலாம் சார்” என்று ஆலோசனை வேறு சொன்னேன். நீட்டித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒலக்கூரிலிருந்து ஒருவர் நேரே முதல்வர் அறைக்குள் நுழைந்தார். கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே கிளம்பி வந்திருந்தார், காலில் செம்மண். நான் அங்கே பிரின்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“எங்க வூட்டுக்காரம்மா கணக்குல டாக்டர் பட்டம் வாங்குனவங்க. வேல கேட்டுத்தான் எழுதுனாங்க” என்று செல்போனை நீட்டினார். “அதுக்கு நீங்க எழுதுற பதிலா சார் இது? ரெண்டு நாளா சாப்பிடாம அழுதுகினு இருக்காங்க. உங்கள யாரு கல்யாணம் பண்ணிக்கச் சொன்னது?”

முதல்வருக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு பேரன்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “பத்துப் பொருத்தமும்” வரைக்கும்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். மீதியை உட்கார்ந்து கேட்டேன்.

“சார், அது நான் எழுதுனது” என்றேன்.

“எனக்காகவா?”

“எனக்காக சார்.”

விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வேலை போய்விட்டது என்று நிச்சயித்துக்கொண்டேன். முதல்வர் எழுந்து அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அது என்னைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னும் எத்தன பேர வேணாம்னு சொல்லியிருக்கேன், பாரும்மா” என்றார்.

சர்வர் பதிவில் பார்த்தேன். ஒலக்கூர்க்காரர் மனைவியையும் சேர்த்துப் பதினோரு பேர். அத்தனை பேரையும் போனில் தேடிப்பிடித்து, நடந்ததைச் சொல்லி, நேர்முகத் தேர்வுக்கு அழைக்க வேண்டியதும் என் வேலையாயிற்று. ஒருவர் திட்டினார். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார். திண்டிவனத்திலிருந்து விண்ணப்பித்திருந்த ஒரு பாதிரியார் மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, “பரவால்லம்மா, நானும் அந்த முடிவுலதான் இருக்கேன்” என்றார்.

ஒலக்கூர் அம்மாளுக்கே வேலை கிடைத்தது. ஆய்வுக் குழு வருவதற்கு நாலு நாள் முன்பு சேர்ந்தார். கணிதப் பிரிவு பிழைத்தது, நானும்தான்.

முதல்வர் இப்போது ஓய்வுபெற்று விழுப்புரத்தில் இருக்கிறார். பார்க்கப் போகும்போதெல்லாம் அவருடைய மனைவி எனக்குக் காபியைக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்புவார்.

“‘இப்போது’ விருப்பமில்லன்னுதான எழுதியிருந்தீங்க? எப்பன்னு எதனா முடிவு பண்ணீங்களா?”

அவர் என்னைப் பார்ப்பார். நான் காபியைப் பார்ப்பேன்.