கெலா அண்ணனின் பால் தொட்டி

மீனின் பிரசவத்துக்கு லீவு கேட்டு மனு எழுதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சுங்காய் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப்பு ஓட்டிய கெலா அண்ணன். அந்த மனுவை வாங்கி விழித்த ஆபீஸ் கணக்குப்பிள்ளை, அதாவது கிராணி, அடியேன்.

எழுபதுகளின் கடைசி. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டதில் மண் சரிந்து, ஆறு தேத்தண்ணி நிறமாகிவிட்டது. அதுவரை ஆற்றில் துள்ளிய கெலா மீன் கண்ணிலேயே படவில்லை. ரப்பர் பால் ஊற்றிவைக்கும் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அண்ணன் அதை ஒரு மாதம் தேய்த்துக் கழுவி, கூழாங்கல் பரப்பி, மலையடிவாரத்தில் பிடித்த ஒரு ஜோடி கெலாவை விட்டார். ஓடைத் தண்ணீர் குழாய் வழியே ஓடிக்கொண்டே இருக்கும்.

தொட்டிப் பக்கம் செருப்புச் சத்தம் கூடாது. தும்மல் கூடவே கூடாது. ஒருநாள் அங்கே வந்த மேனேஜர் துரை மூக்கைச் சுருக்கினார். அண்ணன் பதறினார்.

"தொரை, வெளிய போயித் தும்முங்க லா! புள்ளத்தாச்சி பயந்துக்கும்!"

துரை வெளியே போய்த்தான் தும்மினார்.

எனக்கும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் இறங்கும், செதில்கள் பொன்னாக மின்னும். ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

நான்கு வருடம் கழித்து மீன்கள் குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்தும் அண்ணன் அவற்றை ஆற்றில் விடுவதாக இல்லை. ஆற்றங்கரை நெடுக மீன்களின் நிழலுக்காக மட்டும் மரக்கன்று நட்டிருந்தார்.

"எப்பண்ணே ஆத்துல விடப்போறீங்க?"

"ஆறு தெளியட்டும் லா. தண்ணியில நின்னா கால்வெரலு தெரியணும்."

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் தோட்டத்தில் குளிக்காத பொருள் கிடையாது. லோரி, பம்ப்பு, ஆபீஸ் தராசு எல்லாம் குளித்தன. அண்ணன் பூ வாங்கப் போயிருந்தார். அவரை அசத்தலாமே என்று, பாதித் தண்ணீரை இறக்கிப் பாசியைத் தேய்க்க நினைத்துத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். திரும்ப வைக்க முடியவில்லை. பெரிய மீன்கள் இரண்டும் மிஞ்சின. குஞ்சுகள் அத்தனையும் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போய்விட்டன.

அண்ணன் வந்தார், தொட்டியைப் பார்த்தார். பூப்பொட்டலத்தோடு ஓடிப்போய் ஆற்றில் இறங்கிவிட்டார்.

"அண்ணே, என்னைய நாலு அடி அடிச்சிருங்கண்ணே!" என்று நானும் பின்னாலேயே இறங்கினேன்.

அவர் திரும்பவில்லை. கரைக்கன்றின் நிழலையே குனிந்து பார்த்தவர், மெல்லக் கை காட்டினார். ஓட்டத்தை எதிர்த்தபடி குட்டிக் குட்டியாக ஒரு கூட்டம். பக்கத்தில் எங்கள் கால்விரல்கள் இருபதும் தெளிவாகத் தெரிந்தன.

"ஆறு தெளிஞ்சு ஆறு மாசம் ஆச்சு லா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத்தான் விட மனசு வரல."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.