டோலியில் வந்த மலைக்குரல்

தமிழ் பாப் இசையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: ‘மலைக்குரல்’ அறிவுச்செல்வன் கல்வராயன் மலையில் கால் வைப்பதற்கு முன், வைத்ததற்குப் பின். பாடகர், பாடலாசிரியர், சமூகப் போராளி. மலைப் பாட்டுகளையெல்லாம் அதுவரை கள்ளக்குறிச்சியில் ஏசி அறையிலிருந்தே எழுதியவர். கற்பனை வளம் அப்படி. மலைக்கு ரோடு இல்லையே என்று அவர் பாடிய பாட்டை நாடே முணுமுணுத்தது. ரோடு மட்டும் வரவில்லை. அது கலையின் குற்றமல்ல.

அப்படிப்பட்டவர் மூச்சு வாங்க நடந்து தன் வாசலுக்கே வந்ததில் வேடியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் சாமை விதைத்துப் பிழைக்கிறவன். ஊரில் யாருக்காவது முடியவில்லை என்றால் மூங்கிலில் துணித்தொட்டிலாய் டோலி கட்டி அடிவாரம் வரை தூக்கும் நான்கு பேரில் ஒருவன்.

“சின்னசேலத்துல கச்சேரி. நான் டோலியில மேடைக்கு வரணும். நீங்க நாலு பேருதான் தூக்கணும்” என்றார் மலைக்குரல்.

“எம் பொண்டாட்டிக்கு நெறமாசங்க. புள்ள பொறக்கிற வரைக்கும் டோலி தூக்குறவங்க ஊரத் தாண்டக் கூடாதுங்க. இங்க அதான் வழக்கம்.”

“பெரிய அதிகாரிங்கல்லாம் முன்னால உக்காந்துகினு இருப்பாங்க. உங்க தோளப் பாத்தாங்கன்னா ரோடு தானா வரும். உன் புள்ள ஆம்புலன்ஸ்ல போய்ப் பொறக்கட்டுமே!”

ரோடு என்றதும் அவன் மனைவி சந்திரலேகாவின் முகம் மலர்ந்தது. “போய்ட்டு வா. ஒரு நாளுதான?” என்றாள் புருஷனிடம்.

மேடை ஏற்பாட்டில் ஒரு குறையுமில்லை. மலைப்பனிக்குப் புகை இயந்திரம். ‘எளிமை’ தெரிய டோலிக்குள் மெத்தை. கச்சேரிக்கென்று புதுச்சட்டை போட்டு வந்த நால்வரிடமும் மேனேஜர் செலினா கிழிந்த சட்டைகளைக் கொடுத்தார். “பாத்துப் போடுங்கண்ணா. டிசைனர் கிழிச்சது.”

கடைசிப் பாட்டுக்கு டோலி தயாரானபோது வேடியப்பனுக்குப் போன் வந்தது.

“சார், எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சிங்க. மத்த ஆம்பளைங்க வெளியூரு வேலைக்குப் போய்ட்டாங்க, அங்க தூக்க ஆளு இல்ல. நாங்க போறோங்க.”

மலைக்குரலின் கண்கள் கலங்கின. நிஜமாகவே கலங்கின. “இந்தப் பாட்டே அவங்களுக்குத்தான்னு மைக்ல சொல்றேன். முடிச்சிட்டா உடனே வேன எடுக்கச் சொல்றேன்.”

தூக்கினார்கள். ரசிகர்கள் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டார்கள். மக்கள் கலைஞர் மக்கள் சொல்லைத் தட்டலாமா?

மலையில் பெண்களே டோலி கட்டிச் சந்திரலேகாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பழகாத தோள்கள், பாதி வழியில் இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. அங்கேயே பிரசவம். சந்திரலேகா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. வேடியப்பன் மண்ணில் புரண்டு அழுதான்.

கலைஞர்கள் துக்கத்தை வீணாக்குவதில்லை. சில நாட்களிலேயே புதுப்பாட்டு வந்துவிட்டது. ‘அவள் வலியில் துடிக்கையில் ஆம்பளை எங்கே போனான்?’ என்று கேட்டது. ‘சாராயம் தேடிப் போனான்’ என்று பதிலும் சொன்னது. ‘விழிப்புணர்வு’க்காக ஒரு விருதும் அறிவித்தார்கள்.

செலினா வேடியப்பனுக்குப் போன் செய்தார். “அண்ணா, பாட்ட வீடியோவா எடுக்குறோம். அந்தக் குடிகாரப் புருஷன் வேஷத்துக்கு சார் உங்களத்தான் கூப்புடுறாரு.”

“நான் குடிக்க மாட்டேங்க. அன்னிக்கு எங்க இருந்தேன்னு சாருக்கே தெரியுங்களே.”

“தெரியும்ணா, நீங்க குடிக்கிறவரில்லன்னு. அதனாலதான் உங்களக் கேக்குறாரு. ஷூட்டிங்குக்கு நிதானமா வந்து நிப்பீங்கல்ல?”