செவுரு தாங்குமா?

துளசிராமன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முன்கூடத்துச் சுவரில் தன்னுடைய படத்தை மாட்டியே தீருவது.

அவர் முடிவுக்கு வருவது ஒன்றும் புதிதல்ல. வாரத்துக்கு ஒரு முடிவுக்காவது வருவார். மனைவி பச்சையம்மாள் அதைச் சாயங்காலத்துக்குள் முடித்துவைப்பாள். ஆனால் இந்த முடிவுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சியே இருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த காலம். அப்படி வந்த ஓர் இரும்பு ஆலையில் துளசிராமன் ஸ்டோர் கிளார்க். பொன்னேரியிலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் போய்வருவார். அவருடைய மேலதிகாரி, ஸ்டோர் சூப்பிரண்டு வீரராகவன், மீஞ்சூர்க்காரர். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்தில் வீரராகவனின் வண்ணப் படம் கோட்டும் டையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே வீரராகவன் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதற்கெல்லாம் அவர் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

துளசிராமன் அசந்துபோனார். எல்லாம் படத்தின் மகிமை என்று அவருக்குப் பட்டது. தெரிந்த வீடுகளையெல்லாம் மனத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சுவரில் தொங்குகிறவரை எந்த வீட்டிலும் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அப்படித் தொங்குகிறவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை என்பது மட்டும் அவருடைய ஆராய்ச்சியில் விடுபட்டுப்போயிற்று. வீரராகவனின் மனைவிக்கு அன்றைக்குப் பொறுக்கமுடியாத பல்வலி என்பதும் அவருக்குத் தெரியாது.

படம் வரைய ஆசீர்வாதத்தைப் பிடித்தார். பொன்னேரிக் கடைவீதியில் பாதிக் கடைகளுக்குப் போர்டு எழுதியவர் ஆசீர்வாதம். துணியில் வரைந்து அவருக்குப் பழக்கமில்லை, பலகைதான் கைக்கு வரும். மூடிப்போன ஒரு புண்ணாக்குக் கடையின் போர்டு அவரிடம் கிடந்தது. நல்ல கனத்த வேங்கைப் பலகை. ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாது. அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் துளசிராமனை வரைந்தார். கடைப் போர்டு ஆனதால் நீளம் அதிகம், உயரம் குறைவு. நடுவில் துளசிராமன் மார்பளவுக்கு வந்தார். மிச்ச இடத்தில் ஒருபக்கம் பழவேற்காட்டு ஏரியும் படகும், மறுபக்கம் ஆலைப் புகைபோக்கியும் வந்தன. கீழே, கைப்பழக்கத்தில், 'உரிமையாளர்: துளசிராமன்' என்று எழுதிவிட்டார்.

"தப்பாப் பூடுச்சு சார். 'உரிமையாளர்'ன்றதை மட்டும் அழிச்சுடட்டா?"

துளசிராமன் அந்தச் சொல்லைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இருக்கட்டும்பா," என்றார்.

வார்னிஷ் காயவேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார் ஆசீர்வாதம். அதே ஞாயிற்றுக்கிழமைதான் வீரராகவன் மனைவியோடு சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் சுவர் தயாராகிவிட வேண்டும். வீட்டில் சொல்லியாக வேண்டும். அதுதான் கொஞ்சம் சிரமமான வேலை.

"பச்சையம்மா, கூடத்துச் செவுத்துல என் படத்தை மாட்டப் போறேன்."

பச்சையம்மாள் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துப் பித்தளை அண்டாவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். அண்டா, தவலை, குடம், கூஜா எல்லாம் அவள் அம்மா கொடுத்தனுப்பியவை. அம்மா போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது அவைதான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவாள், பிறகு வேறு வழியில்லாமல் கட்டிலடி இருட்டிலேயே தள்ளிவிடுவாள். அவளுக்கு அதில் நிஜமாகவே மனக்கஷ்டம் உண்டு. கூடத்துச் சுவரில் ஒரு பலகை அடித்துக் கொடுத்தால் நாலு பேர் பார்க்கிற மாதிரி வரிசையாக அடுக்கிவைப்பேன் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் துளசிராமன் எழுந்துபோய்ச் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார். டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். "செவுரு தாங்காது," என்பார்.

இப்போது அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

"செவுரு தாங்குமா?"

"தாங்கும், தாங்கும்."

"அண்டாவைத் தாங்காத செவுரு உங்களைத் தாங்குமா?"

"படம் வேற, பாத்திரம் வேற."

"அதுவும் சரிதான்," என்றாள் பச்சையம்மாள்.

அவள் "அதுவும் சரிதான்" என்று சொன்ன மாத்திரத்திலேயே துளசிராமன் உஷாராகியிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் வேலைவிட்டு வரும்போதே கடைவீதி இரும்புக்கடையில் நுழைந்தார்.

"கெட்டியான ஆணியா ஒண்ணு குடுய்யா."

"ஆரணிப் பட்டறை ஆணி சார். ஆரணில நடுவுல கீற 'ர'வைப் புடுங்கினாக்கூட ஆணிதான் நிக்கும். அவ்ளோ கெட்டி."

துளசிராமன் ஆலையில் எத்தனையோ பேருக்குச் சீட்டுப் பார்த்து ஆணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஓர் ஆணியைக்கூட அடித்ததில்லை. ஆணிகளின் பெயரெல்லாம் தெரியும், ஆணியின் தலை எங்கே இருக்கிறது என்பது சுத்தியலுக்குத்தான் தெரியவேண்டியிருந்தது. முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாம் அடியில் சுவர்க் காரை பெயர்ந்து கீழே இருந்த ரசத்தில் விழுந்தது.

"படத்தை மாட்டுவீங்கன்னு பார்த்தா நீங்களே மாட்டிக்கினீங்களே," என்று அவர் விரலுக்கு ஈரத்துணி சுற்றினாள் பச்சையம்மாள். சுற்றும்போதே அவள் குரல் தழுதழுத்தது. "ஏங்க, ஆணி புடுங்கிக்கினு படம் கீழ வுழுந்தா இன்னா செய்யறது? உசுரோட கீற மனுசன் படம் கீழ வுழலாமா? எந் தாலிக்கு யாரு ஜவாப்பு?"

துளசிராமன் நெகிழ்ந்துபோனார். இத்தனை வருஷத்தில் இவள் தன்மேல் வைத்திருக்கும் பிரியம் இவ்வளவு என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று வருத்தமாகக்கூட இருந்தது. "கீழ வுழாது. வுழவே வுழாத மாதிரி மாட்டறேன்," என்று வாக்குக் கொடுத்தார்.

அடுத்தநாள் கொக்கியும் கயிறும் வந்தன. படத்துக்குப் பதிலாகச் சாப்பிட உட்காரும் மணைப்பலகையைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார். மணை விழவில்லை. ஆனால் பச்சையம்மாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, குனிஞ்சுக்கினு கீது?"

"கயித்துல மாட்டினா மேல்பக்கம் அப்டித்தான் முன்னால சாயும். எல்லார் ஊட்லயும் சாமி படம் அப்டித்தானே கீது?"

"சாமி குனியலாம். கீழ நிக்கறவங்களைப் பார்க்கணும் இல்ல? நீங்க யாருக்குக் குனியணும்? சூப்பிரண்டு வந்து எதிர்ல உக்காந்தா, நீங்க அவருக்குக் கும்புடு போட்டுக்கினு நிக்கற மாதிரி இருக்காது?"

இது சரியான இடத்தில் போய்ப் பட்டது. ஆலையில் குனிகிறது போதாதென்று, சொந்தக் கூடத்தில், சொந்தச் சுவரில், 'உரிமையாளர்' என்று எழுதிக்கொண்டு வேறு குனிவதா? கயிற்றை அவிழ்த்துக் கிணற்றடியில் எறிந்தார்.

மூன்றாம் நாள் ஒரு சிறிய பொட்டலத்தோடு வந்தார்.

"இன்னாங்க அது?"

"திருகாணி."

பச்சையம்மாளின் முகம் மலர்ந்தது. கை தன்னையறியாமல் காதுக்குப் போயிற்று. "கம்மலுக்கா?"

"செவுத்துக்கு. ஓட்டை போட்டு, மரக்கட்டை அடிச்சு, அதுல திருகாணியை முறுக்கிட்டா யானை வந்து இழுத்தாலும் வராது."

"செவுத்துக்குத் திருகாணி, எங்காதுக்கு ஈக்குச்சி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எழுதிக்கொள்கிற மாதிரி சொன்னாள். பிறகு, சுவரையே பார்த்தபடி, "மேல புடிச்சுக்கினா மட்டும் போதுமாங்க?" என்றாள்.

"வேற இன்னா வேணும்?"

"எனக்கு இன்னா தெரியும்? பலகை அம்மாங் கனம்னு நீங்கதான் சொன்னீங்க. மேல புடிச்சுக்கினு கீறவன் கையை வுட்டா, கீழ யாரு தாங்கறது?"

துளசிராமன் யோசித்தார். சட்டென்று அவர் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

"ஆங்கிள்!"

"ஆங்கிளா? அப்டீன்னா இன்னாங்க?"

"இரும்பு. 'எல்' எழுத்து மாதிரி இருக்கும். ஒரு கை செவுத்தோட ஒட்டிக்கும், ஒரு கை வெளிய நீட்டிக்கினு இருக்கும். ரெண்டு ஆங்கிள் அடிச்சு, அது மேல படத்தை நிக்கவெச்சுட்டா முடிஞ்சுது!"

"உங்களுக்கு மட்டும் எப்டீங்க இதெல்லாம் தோணுது?" என்றாள் பச்சையம்மாள். சற்றுப் பொறுத்து, "வாங்கறதுதான் வாங்கறீங்க, கை நீளமாவே வாங்கிடுங்க. குட்டக் கையா இருந்தா வழுக்கிடப் போவுது," என்றாள்.

இரும்புக்கடைக்காரர் ஆங்கிளை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "படம் நிக்கறதுக்கு எதுக்கு சார் ஒரு முழம் கை?"

"சேப்டி," என்றார் துளசிராமன்.

சனிக்கிழமை முழுக்க உளியும் சுத்தியுமாகச் சுவரோடு மல்லுக்கட்டினார். மரக்கட்டைகளை அடித்து இறக்கினார். திருகாணிகளை முறுக்கினார். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. வேலை முடிந்ததும் ஆங்கிள்கள் இரண்டையும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். சுவர் அசையவில்லை. பச்சையம்மாளும் ஒரு தடவை தொங்கிப் பார்த்தாள். அவள் அவரைவிடச் சற்று அதிகநேரம் தொங்கினாள்.

"செவுரு தாங்குது," என்றாள்.

"நான் சொல்லல?" என்றார் துளசிராமன்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஆசீர்வாதம் பலகையோடு வந்தால் ஆங்கிள்மேல் ஏற்றிவைக்கச் சொல் என்று கிளம்பும்போதே மனைவிக்கு ஞாபகப்படுத்தியிருந்தார். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேங்க," என்றாள் அவள். வீரராகவனும் அவர் மனைவியும் வண்டியைவிட்டு இறங்கினார்கள். வழிநெடுக, வீட்டில் புதிதாக ஒன்று செய்திருக்கிறேன், நுழைந்ததும் நேர் எதிர்ச் சுவரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார் துளசிராமன்.

நுழைந்ததும் மூன்று பேரும் நேர் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

ஆங்கிள்கள் இருந்தன. ஆங்கிள்களின் மேல் வேங்கைப் பலகை இருந்தது. ஆனால் பலகை நிற்கவில்லை, படுத்திருந்தது. அதன்மேல் அண்டா, அண்டாவின் பக்கத்தில் தவலை, அப்புறம் குடம், ஓரத்தில் கூஜா. ஜன்னல் வெயில் பட்டு எல்லாம் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தன.

ஆசீர்வாதம் காபித் தம்ளரோடு கதவோரம் நின்றிருந்தார். துளசிராமன் காதருகே வந்து கிசுகிசுத்தார். "நின்னா வுழும், படுத்தா வுழாதுன்னு தங்கச்சி சொல்லிச்சு சார். எனக்கும் நாயமாத்தான் பட்டுது. பாத்திரம் உரசி பெயிண்டு போயிடக் கூடாதேன்னு உங்க மூஞ்சியைக் கீழ பார்த்தாப்பல வெச்சுட்டோம்."

"அடேயப்பா!" என்றார் வீரராகவன். ஆங்கிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. "யாருய்யா போட்டது இவ்வளவு உறுதியா?"

"நான்தான் சார்," என்றார் துளசிராமன். அது உண்மையாக இருந்ததுதான் அவருடைய கஷ்டம்.

சாப்பாடு முடிந்தது. வீரராகவன் உண்ட மயக்கத்தில் பாயில் கையை ஊன்றி அண்ணாந்தார். அப்படியே இருந்தார்.

"துளசிராமன், மேலே ஒரு ஆள் இருக்கான்யா." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக் கூட்டினார். "உ... ரி... மை... யாளர்."

பச்சையம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். "அவருதாங்க சார் அது," என்றாள் பணிவாக. "இந்த ஊட்ல எல்லாத்தையும் அவருதான் தாங்கிக்கினு கீறாரு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதில் எதை மறுப்பது என்று துளசிராமனுக்குப் பிடிபடவில்லை.

வீரராகவனின் மனைவிக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் பலகையைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். கடைசியாகத் தன் கணவரைப் பார்த்தாள்.

"நம்ம ஊட்லயும் ஒண்ணு சும்மாத்தானே தொங்கிக்கினு கீது," என்றாள்.

வீரராகவன் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்ததும் துளசிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பச்சையம்மா, பாத்திரத்தையெல்லாம் இறக்கு. படத்தை நிமித்தி வெக்கணும்."

பச்சையம்மாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "வெச்சுடலாங்க," என்றாள். "இப்ப ஆடாம அசையாம கீது. இறக்கறப்போ கை தவறி கீழ வுழுந்தா மட்டும், எந் தாலிக்கு யாரு ஜவாப்புன்னு சொல்லிடுங்க."

துளசிராமன் யோசித்தார். யோசிக்க யோசிக்க விருந்துச் சாப்பாடு கண்ணைச் சுழற்றியது. பாயை உதறிப் போட்டு மல்லாந்து படுத்தார். மேலேயிருந்து உரிமையாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.