தகட்டைத் தின்ற தீர்த்தம்

சிமெண்டு மூட்டை இறக்கிய இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மூட்டைக்காரன் வரிசையை விட்டு நகரவில்லை. தகட்டுச்சாமியின் தீர்த்தம் வாங்க அப்படியொரு கூட்டம்!

மின்சாரம் எட்டிப் பார்க்காத அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் உப்புத்தண்ணீர் விளக்குதான். அலுமினியத் தகட்டைச் செருகினால், தகடும் காற்றும் சேர்ந்து வெளிச்சம் தரும். தகடு மெல்லக் கரையும். என் தீர்த்தம் விட்டால் கரையவே கரையாது என்று சொல்ல ஒரு சாமி வேண்டாமா? வந்துவிட்டார்.

விளக்கில் தீர்த்தம் ஒரு சொட்டு விட்டார். மங்கிய விளக்கு பளீரென்றது. தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி.

"அருள் மூச்சு விடுது, பாருங்க!"

சில நாளில் தகடு சல்லடை. "பக்தி பத்தலை" என்றார் சாமி. புதுத் தகடும் அவரிடமே விலைக்குக் கிடைத்தது. அருள் என்றால் கடை இல்லாமலா?

மூட்டைக்காரனின் வீட்டில் ஜன்னல் இல்லை. அவன் மனைவி அந்த விளக்கொளியில்தான் சட்டை தைத்தாள். அவள் சேர்த்துவைத்த இரண்டு தகட்டையும் அவளுக்குத் தெரியாமல் தீர்த்தத்தில் கரைத்துவிட்டான். மிச்சம் விளக்கில் இருப்பது மட்டும்.

அன்று இரண்டு கிண்ணத்தோடு அவளே வரிசைக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, பெட்டியில இருந்த தகடெல்லாம் எங்க?"

"சும்மா இரு புள்ள. கடைசித் தகட்டையாவது சாமி காப்பாத்தட்டும்."

"காப்பாத்தறதை நானும் பாக்கறேன்."

இரண்டிலும் உப்புத்தண்ணீர் ஊற்றினாள். சாமியின் கடைத் தகட்டையே எடுத்து கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டாள். ஒன்றில் மட்டும் தாராளமாகத் தீர்த்தம் விட்டாள்.

"விளக்கே இல்ல, சாமி. தகடு சும்மா கிடக்கு. நீங்களே பக்கத்துல உக்காந்து பக்தியாப் பாத்துக்குங்க."

சாமி கண்ணை மூடினார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். வெறும் உப்புத்தண்ணீரில் தகடு அசையாமல் கிடந்தது. தீர்த்தத்தில் கிடந்தது நுரைத்து, கறுத்து, ஓரமெல்லாம் பிய்ந்தது.

"சாமிக்கே பக்தி பத்தலைடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் குலுங்கியது.

"இது துணி வெளுக்கிற காரத்தண்ணி" என்றாள் அவள். "என் அலுமினியச் சட்டியை ஓட்டை போட்டதும் இதுதான். தகட்டோட மேல்தோலை உரிக்கும், வெளிச்சம் கூடும். அப்புறம் தகட்டையே முழுங்கிடும்."

"இன்னிக்கு எனக்கு மௌனம்!" என்று உரக்கக் கத்திவிட்டு, சாமி தகட்டு மூட்டையோடு ஓட்டம் பிடித்தார்.

தகட்டைக் காக்கும் மருந்தும் உலகில் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்துக் கலப்பார்கள், கும்பிட்டுக் கலப்பதில்லை. பளீரென்று எரிந்தால் கைகூப்பாதீர்கள், எதைத் தின்று எரிகிறது என்று கேளுங்கள்.

மூட்டைக்காரன் தன் மனைவிக்கு இன்னும் இரண்டு தகடு பாக்கி வைத்திருக்கிறான்.