பிரமிடு வைத்த ஜன்னல்

சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. ஆனாலும் ஓபர்ஹாஸ்லாக் கிராமத்து ஆரம்பப்பள்ளி வாசலில் அறுபத்துச் சொச்சம் பேர் வரிசையில் நின்றார்கள். பிப்ரவரிக் குளிர் மூக்கைக் கடித்தது. ஒருவரும் நகரவில்லை.

பாதிரியார் கூப்பிட்டால் பாதி ஊர்தான் வரும். கிலியான் ஹோல்ஸர் கூப்பிட்டால் பாதிரியாரே வருவார். இதோ, வரிசையில் ஏழாவதாக நிற்கிறார்.

ஹோல்ஸரிடம் ஒரு கவட்டைக்குச்சி இருந்தது. அதை இரு கையிலும் பிடித்துக்கொண்டு நடப்பார். பூமிக்கடியில் நீரோட்டம் இருந்தால் குச்சி தலைகுனியும். அந்த நீரோட்டத்திலிருந்து 'பூமிக்கதிர்' கிளம்புகிறதாம். உங்கள் முதுகுவலி, மாமியாரின் கோபம், பசுவின் பால் குறைவு, பிள்ளையின் கணக்கு மார்க் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலகாரணமாம். கதிரை யாரும் கண்டதில்லை. அதனால்தான் வியாபாரம் பிரமாதமாக நடந்தது. கண்ணுக்குத் தெரியும் வியாதி என்றால் டாக்டர் போட்டிக்கு வந்துவிடுவார்!

வியாதியைக் குச்சி சொல்லும். மருந்து, செம்புப் பிரமிடு. வாளி உயரம். விலை இருநூற்றுத் தொண்ணூறு யூரோ. வாரண்டி? கதிரிடம் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் வீப்கே தாம்ஸ் வகுப்பறைக் கண்ணாடி வழியாக அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காப்பி ஆறிவிட்டது. அவள் நாட்டின் வடகோடிக் கடற்கரை ஊர்க்காரி. இந்தத் தெற்கு மலையோரத்துக்கு வந்து இரண்டு வருடம்தான். 'வடக்கத்தி' என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது அவளுக்கும் தெரியும்.

கதை ஜனவரியில் ஆரம்பித்தது. மூன்றாவது பீரியடில் பிள்ளைகள் மேசைமேல் சுருண்டு விழுந்தார்கள். திட்டவில்லை வீப்கே. "ஏன் தூக்கம் வருது? நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டாள். அதுவே பாடமானது. இருபத்திரண்டு வாண்டுகளும் தீப்பெட்டி அளவு மின்பலகைகளில் உணரிகளைச் செருகினார்கள். வெப்பம், சத்தம், வெளிச்சம், காற்று எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் டேப்லெட்டில் கோடாக ஓடியது. கணக்கென்றால் வயிற்றுவலி வருகிற பிள்ளைகள்கூட, "டீச்சர், சராசரி எடுத்துட்டேன்!" என்று ஓடிவந்தார்கள்.

அதற்குள் பெற்றோர் சங்கத் தலைவி மரியான் டோப்ளர் ஹோல்ஸரை அழைத்து வந்துவிட்டாள். கறிக்கடை நடத்துகிறவள், கத்தி எவ்வளவு கூரோ பேச்சும் அவ்வளவு. ஹோல்ஸர் வகுப்பைச் சுற்றினார். குச்சி கவிழ்ந்தது. "அடியில ரெண்டு நீரோட்டம் குறுக்க வெட்டுது!" நான்கு ஜன்னல் திட்டிலும் நான்கு பிரமிடு உட்கார்ந்தது. "இருபத்தோரு நாள் அசைக்கவே கூடாது."

வீப்கே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. புது ஊர், எதற்கு வம்பு என்று புன்னகைத்துவிட்டாள். மூடநம்பிக்கைக்கு முதல் தீனி படித்தவர்களின் புன்னகைதான்.

அந்த ஊர் ஜன்னல்கள் உள்பக்கமாகத் திறப்பவை. திட்டில் வாளி உயரப் பொருள் இருந்தால் கதவு ஒரு விரல்கூட அசையாது. பனி கொட்டினாலும் காலையில் பத்து நிமிடம் வீட்டு ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்றாவிட்டால் காப்பி இறங்காத ஜனங்கள் அவர்கள். வாடகை வீட்டில் ஜன்னல் திறக்காதவனோடு கோர்ட்டுக்கே போவார்கள். அப்பேர்ப்பட்டவர்கள், பிள்ளைகளின் வகுப்பில் மட்டும் மூன்று வாரம் ஜன்னலைத் தொடவில்லை. பிரமிடு இருக்கிறதே!

தூக்கம் குறைந்ததா? கூடியது. ஹோல்ஸர் அசரவில்லை. "அந்தக் குட்டிக் கருவிங்கதான் கதிருக்குத் தீனி போடுது" என்றார். அளவெடுக்கும் கருவிமேல் அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று யாரும் கேட்கவில்லை. விளைவு, இன்று பெற்றோர் வாக்கெடுப்பு. தீர்மானம் தயார்: கருவிகள் எல்லாம் நிலவறைக்கு, மூன்றாம் வகுப்பு பழையபடி பாடப்புத்தகத்துக்கு.

பதினோரு மணிக்கு வகுப்பறை நிரம்பியது. முப்பது பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்தார்கள். மேசையில் வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டி, ஃபிளாஸ்கில் காப்பி. சுவரோரம் பிள்ளைகள். மற்றவர்கள் பிரமிடு வாங்க வெளியே வரிசையிலேயே காத்திருந்தார்கள்.

ஹோல்ஸர் குச்சியை நீட்டினார். அது மெதுவாகக் கவிழ்ந்தது. "பாருங்க, நாலு பிரமிடையும் மீறி வருது! கருவிங்க கொடுத்த கொழுப்பு." பைக்குள்ளிருந்து ஐந்தாவதாக ஒன்றை எடுத்தார். "தலைமைப் பிரமிடு. டீச்சர் மேசைக்கு." வைத்தார். குச்சி நிமிர்ந்தது. எடுத்தார். கவிழ்ந்தது.

"ஆஹா!" என்றது கூட்டம்.

"டீச்சரம்மா, இப்பவாவது நம்புறீங்களா?" என்று மரியான் திரும்பினாள். "இல்ல, உங்க ஊர்ல பூமியே கிடையாதா, வெறும் கடல்தானா?"

சிரிப்பு எழுந்தது. வீப்கே வாய் திறப்பதற்குள் சுவரோரம் ஒரு கை உயர்ந்தது. ஒன்பது வயது ரெஸி. மரியானின் மகளேதான்.

"சார், பிரமிடு இருக்குன்னு குச்சிக்குத் தெரியுதா, உங்களுக்குத் தெரியுதா?"

"ரெஸி! வாய மூடுடி!"

"விடுங்கம்மா, குழந்தைதானே" என்று ஹோல்ஸர் பெருந்தன்மை காட்டினார். "குச்சிக்குத்தான் பாப்பா. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் அது சொல்லிடும்."

"கண்ணைக் கட்ட வேணாம் சார். மேசையை மறைச்சா போதும். பத்துத் தடவை சொல்றீங்களா?"

"நூறு தடவை சொல்றேன்!"

வீப்கே மனதுக்குள் கணக்குப் போட்டாள். தற்செயலாகவே ஏழெட்டு சரியாகிவிட்டால்? கருவிகள் நிலவறைக்கு, அவள் பெட்டி படுக்கையோடு வடக்குக்கு. ஆனாலும் எழுந்து நின்றாள். "விதிமுறையைப் பிள்ளைங்களே சொல்லட்டும். சாருக்கு சம்மதமான்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கலாம்."

விதிமுறை எளிது. பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் மேசை. மேசைமேல் சலவை இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி, கவிழ்த்து. மின்பலகையைக் குலுக்கினால் ஒரு எண் வரும். ஒற்றை என்றால் பெட்டிக்குள் பிரமிடு. இரட்டை என்றால் பிரமிடு அலமாரிக்குள் போகும். அதற்குப் பதில் பெட்டிக்குள் பருத்த அகராதி ஒன்று. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதல்லவா? வைக்கிற இரண்டு பிள்ளைகளும் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார்கள். முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கக் கூடாது.

"குச்சி இப்ப நல்லா வேலை செய்யுதா சார்? காத்து, கருவி, எதுவும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டாள் ரெஸி.

"அருமையா செய்யுது."

"எழுதிக்கிட்டேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

முதல் சுற்று. குச்சி நிமிர்ந்தே நின்றது. "பிரமிடு இருக்கு! எவ்வளவு சாந்தம் பாருங்க!" இரண்டாவது. கவிழ்ந்தது. "இல்ல." மூன்றாவது. "இருக்கு. விரல் நுனில குளிருது." சுவரோரம் ஒரு பிள்ளை ஒவ்வொரு பதிலையும் டேப்லெட்டில் தட்டியது. விடை கடைசியில்தான்.

ஆறாவது சுற்றில் ஒரு அப்பா வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். அது பக்கத்து நாற்காலிக்குத் தொற்றியது. எட்டாவதில் பாதிரியாரின் தம்பிக்குத் தலை தொங்கியது. ஹோல்ஸரின் நெற்றியில் மட்டும் தூக்கம் இல்லை, வியர்வை இருந்தது. பத்தாவதற்கு நெடுநேரம் யோசித்தார். யோசித்தது குச்சியா அவரா என்பது உங்கள் தீர்ப்புக்கு.

சுவரிலிருந்த கணினித் திரையில் விடை ஒளிர்ந்தது.

பத்துக்கு நாலு.

"விரல் நுனியில் குளிர்ந்த" மூன்றாவது சுற்றில் பெட்டிக்குள் இருந்தது அகராதி.

"இதே பத்துத் தடவையும் நான் ஒரு காசு சுண்டிப் பார்த்தேன்" என்றாள் ரெஸி. "காசுக்கு ஆறு சரி."

ஹோல்ஸர் தொண்டையைக் கனைத்தார். "இங்க சந்தேகம் ஜாஸ்தி. பிள்ளைங்களோட சந்தேகம் கதிரையே கலைச்சிடுச்சு!"

"சந்தேகப்பட்டா கதிர் கலைஞ்சிடுமா சார்?"

"கண்டிப்பா!"

"அப்ப பிரமிடு எதுக்கு? நாங்க சும்மாவே சந்தேகப்படுறோமே!"

பின்வரிசையில் யாரோ பிரெட்செல்லோடு புரையேறினார்கள். பிறகு மொத்த அறையும் சிரித்தது. மரியான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் மூன்று பிரமிடுகள். கட்டிலுக்கடியில் ஒன்று.

"சிரிக்காதீங்க!" என்றாள். "பிள்ளைங்களுக்குத் தூக்கம் வந்தது நெசம்தானே? எனக்கே இப்ப கண்ணு சொக்குது! இதுக்கு என்ன சொல்றீங்க டீச்சரம்மா?"

வீப்கே முதல் தடவையாகப் புன்னகைக்காமல் பேசினாள். "ரெஸி, நீங்க எடுத்த காத்துக் கோட்டைக் காட்டு."

திரையில் ஒரு கோடு. "இது கரியமிலவாயும்மா" என்றாள் ரெஸி. "வெளிய, பத்து லட்சம் பங்கு காத்துல நானூத்தி இருபது. ஆயிரம் தாண்டினா மந்தமாயிடும். ஜனவரில இங்க ஆயிரத்தைந்நூறு. குளிருக்குப் பயந்து பாதி நாள்தான் ஜன்னல் திறந்தோம். பிரமிடு வந்த நாள் இதோ. அன்னிலேருந்து ரெண்டாயிரம். இப்ப ரெண்டாயிரத்து எழுநூறு."

"யாரோடது அது?" என்றாள் மரியான்.

"உங்க எல்லாரோடதும்தான். விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கோம்."

மரியான் நிமிர்ந்தாள். மூச்சு முட்டிய அறை! அந்த ஊரில் ஒரு குடும்பத்தலைவியை இதைவிட அசிங்கமாகத் திட்ட முடியாது. விறுவிறுவென்று நடந்தாள். பிரமிடைக் கறி எலும்பு தூக்குவது போல ஒற்றைக் கையால் தூக்கி ஹோல்ஸரின் காலடியில் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. கைப்பிடிகளைத் திருகி நான்கு ஜன்னலையும் அகலத் திறந்தாள். பிப்ரவரி உள்ளே பாய்ந்தது. தொங்கிய தலைகள் நிமிர்ந்தன. திரையில் கோடு படியிறங்கியது.

"கருவிங்க நிலவறைக்குப் போகணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றாள் மரியான். தீர்மானம் எழுதியவளே அவள்தான். ஒரு கையும் எழவில்லை. அவளுடையதும்.

ஹோல்ஸர் குச்சியை மறந்துவிட்டு, பிரமிடுகளை மட்டும் வாரிக்கொண்டு பின்வாசலால் போனார். எது சரக்கு என்று அவருக்குத் தெரியும்.

திறந்த ஜன்னலுக்குக் கீழே வரிசை இன்னும் நின்றது. பாதிரியார் அண்ணாந்தார். "என்ன டீச்சர், பிரமிடு தீர்ந்துபோச்சா?"

"உள்ள வாங்க ஃபாதர்" என்றாள் வீப்கே. "பத்துத் தடவை சோதிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க."

பாதிப் பேர் உள்ளே வந்தார்கள். மீதிப் பேர், பக்கத்து ஊரில் குச்சிக்காரர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வகுப்பு ஜன்னலை ஒரு கறிக்கடைக்காரி திறந்துவிட்டாள். உங்கள் மண்டை ஜன்னலின் கைப்பிடி உங்களிடம்தான் இருக்கிறது, ஐயா. அதைத் திருக ஆள் வரும் என்று காத்திருந்தால், வருகிறவன் ஹோல்ஸராகத்தான் இருப்பான்!