வண்டை நம்பிய காளியப்பன்

மதிப்புக்குரிய சம்பந்தி ராஜசேகரன் அவர்களுக்கு,

பண்டார் தெங்காராவிலிருந்து காளியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். லாபிஸில் நீங்களும் சம்பந்தியம்மாவும் முழங்கால் உட்பட நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் நம் பிள்ளைகள் இருவருக்கும் குழந்தைப்பேறு வைத்தியம் பார்த்தபோது டாக்டர் லோஷினி, "உங்க மகன் லோகேஸ்வரனுக்கு உயிரணு கொஞ்சம் கம்மி. முட்டையோட ஒரே தட்டுல விட்டு தானா சேருதான்னும் பார்க்கலாம், ஊசியால முட்டைக்குள்ள செலுத்தவும் செய்யலாம்" என்றார். கூடவே போன நான்தான் முந்திரிக்கொட்டையாக, "தானா நடக்கட்டும் டாக்டர்" என்று என் பழைய வண்டுக் கதையையும் அவரிடம் அவிழ்த்துவிட்டேன். பதினெட்டு வயதில் எனக்குச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் மகரந்தப் பொடியை ஊதுபுட்டியால் பெண்பூவில் ஊதும் வேலை. திடீரென்று ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அது தானே பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சுமந்து எங்கள் கூட்டத்துக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டது, அன்றிலிருந்து வண்டுக்கு முன் மனிதக் கை எம்மாத்திரம் என்று நம்பிவிட்டேன். பிள்ளைகளும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். எட்டு முட்டையில் ஒன்றுகூடக் கருவாகவில்லை. உங்கள் மகள் ரூபினி அன்றும் வழக்கம்போல் எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

நேற்று மறுபடி முட்டை எடுத்தார்கள். முடிந்ததும் டாக்டர் என்னையும் லோகேஸ்வரனையும் கூப்பிட்டு, "போன தடவ ஒன்னுமே ஒட்டல, அதனால இந்தத் தடவ ஊசிதான். உங்க வண்ட நம்ப முடியாது அங்கிள், நாமதான் ஊதணும் லா" என்று சிரித்துக்கொண்டே கணினியில் காட்டினார். சம்பந்தி, என்னத்தைச் சொல்ல! முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி, நீந்துகிற ஒன்றை வாலில் தட்டி நிறுத்தி, உறிஞ்சி எடுத்து, வெந்த ஜவ்வரிசி மாதிரிப் பளபளத்த முட்டைக்குள் பூப்போல விட்டது. எங்கள் ஊதுபுட்டி எங்கே, இது எங்கே! செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டேன். அதற்கு முன்னாலேயே, "இடப்பக்கம் நேரா நீந்துறான் பாருங்க, அவனையே எடுங்க, நம்ம குடும்பத்து நடை அது!" என்று கத்தியும்விட்டேன். "அப்பா, உட்காருங்க லா, மானம் போகுது" என்றான் மகன். ஊசி அவனையேதான் எடுத்தது. அழுதுவிட்டேன். பேரனை அப்பனோடு சேர்ந்து நின்று முதல் நாளே பார்த்த தாத்தா நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சம்பந்தியம்மா ஒரு விளக்கேற்றட்டும். என்னை மன்னித்ததாக நீங்கள் ஒரு வரி எழுதினால் தோசை இறங்கும்.

என்றும் உங்கள் நன்மை நாடும்,
காளியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டர் அழைத்தார். ஊசி போட்ட ஏழில் நான்கு கருவாகியிருக்கிறதாம்! இடப்பக்கத்தான் அதில் இருக்கிறானா என்று கேட்டேன். நேற்று கணினியில் காட்டியது பாடம் நடத்த எடுத்த பழைய படமாம், யார் வீட்டுப் பிள்ளையோ. குடும்பத்து நடை பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும். கும்பிட்டது கும்பிட்டதுதான், அவனும் எங்கேயோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான், நன்றாக இருக்கட்டும்.