வீட்டுக்குள் ஒரு கருத்துக்கணிப்பு

மகளுடைய செல்போனைத் திறந்து பார்த்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரத் தீர்மானம் எடுத்தேன். எட்டாம் வகுப்புப் பெண் பூட்டிய மெசேஜில் யாரோடு என்ன பேசுகிறாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பிழைப்பு கருத்துக்கணிப்பு எடுப்பது. படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவேன். அந்த மாதக் கேள்வியும் இதேதான்: குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் சட்டம் போட்டு, பூட்டிய மெசேஜ்களை அரசாங்கம் திறந்து பார்க்கலாமா? ‘குழந்தை’ என்று கேள்வியை ஆரம்பித்தால் பத்துக்கு எட்டுப் பேர் பார்க்கலாம் என்பார்கள். ‘உங்க மெசேஜ்’ என்று ஆரம்பித்தால் அதே எட்டுப் பேர் கதவைச் சாத்துவார்கள். எல்லாம் கேட்கிற விதத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷ அனுபவம் சும்மாவா?

மகள் உஷாராகிவிடக் கூடாதே என்று ‘குழந்தை’யை எடுத்துவிட்டுப் புதுக் கேள்வி எழுதினேன். மனைவியையும் மகளையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து வாசித்தேன்.

“தன் நல்லது கெட்டது தெரியாத ஒருத்தர் வீட்டுல இருந்தா, அவங்க பாதுகாப்புக்காக அவங்க மெசேஜை மத்தவங்க பார்க்கலாமா?”

“தாராளமா,” என்றாள் மனைவி.

“கண்டிப்பா,” என்றாள் மகள்.

எனக்கு வாயெல்லாம் பல். மகளிடம் கையை நீட்டினேன். இரண்டு பேரும் என்னிடம் கையை நீட்டினார்கள்.

என் போனைச் சட்டென்று சட்டைப் பைக்குள் தள்ளினேன். எனக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. தெருமுனை பேக்கரிக்காரரோடு எனக்குள்ள கேக் விவகாரம் முழுக்க அந்தப் போனில்தான், பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. உடனே தனிமனித அந்தரங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அடுத்தவர் மெசேஜைப் பார்ப்பது கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்றேன். இன்று வீட்டில் பூட்டு போனால் நாளை நாட்டில் பூட்டு போகும் என்றேன்.

“அப்போ என் போன்?” என்றாள் மகள்.

“உன்னோடதும்தாம்மா. யாரோடதையும் யாரும் பார்க்கக் கூடாது.”

தீர்மானம் போனால் போகட்டும், கேக் தப்பித்தால் போதும் என்றிருந்தது. மகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மனைவி நிதானமாக எழுந்தாள். “உங்க போனை நான் எதுக்குங்க பார்க்கணும்? நீங்க அனுப்புறதையெல்லாம் பேக்கரிக்காரர் சம்சாரம் எனக்குப் படிச்சுக் காட்டிடறாங்க. உங்களுக்குன்னு சர்க்கரையே போடாம தனியா ஒரு கேக் செய்யச் சொல்லி, மூணு மாசமா நான்தான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

நேற்றுத்தான் அந்த ஆளுக்கு எழுதியிருந்தேன்: “இனிப்பு கொஞ்சம் தூக்கல். அப்படியே தொடரவும்.”